இரண்டு தட்டு, மூன்று தட்டு

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு பிளவுஸ். கை இறுக்கமாகத் தைத்துவிட்டார்கள் என்று சண்டை போட, பாண்டி பஜாருக்குப் பின்னாலுள்ள ஒரு தையல்கடைக்குப் போயிருந்தேன். டெய்லர் ஷரஃபுதீன் நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பதில் பேசவில்லை. கத்திரிக்கோல் பிடியால் மேசையில் இரண்டு முறை தட்டினார். உள்ளேயிருந்து அவர் மகள் மஹ்விஷ் வந்தாள். மூன்று முறை தட்டினார். அவள் போய் எனக்கு டீ கொண்டுவந்தாள்.

"அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சுங்க, குரல் போயிடுச்சு. ரெண்டு தட்டுனா என் பேரு. மூணு தட்டுனா டீ. சொல்லுங்க, கை எங்க பிடிக்குது?"

டீயைக் குடித்துவிட்டுச் சண்டை போட முடியுமா? பிளவுஸை அங்கே வைத்துவிட்டு, கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மயிலாப்பூர் மாட வீதியில் மல்லிகை மணக்கும் ஒரு காலைப்—" அடித்துவிட்டேன். மயிலாப்பூர் என்றதும் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பேனாவை நான் நம்புவதில்லை.

அடுத்தது: "டில்லிபாபுவும் மஹ்விஷும் ஒருவரையொருவர் காத—" இதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் முயன்று பார்த்தேன். இருவருமே ஒத்துழைக்கவில்லை.

இது நிற்கும்: டில்லிபாபு நொச்சிக்குப்பத்துக்காரன். தி. நகர் துணிக்கடைகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு அவன் கிட்டாரோடு வருவான், மஹ்விஷ் வார்த்தைகளோடு வருவாள். இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டுவார்கள். ஒரு கிட்டார், இரண்டு குரல், வேறொன்றும் கிடையாது. மூன்று வருஷத்தில் பதினோரு பாட்டு.

ஏன் இவ்வளவு குறைவு என்றால், அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டிய பாட்டை எழுதிவைக்கக் கூடாது, போனில் பதியக் கூடாது. ஒரு வாரம் மனதிலேயே கிடக்க வேண்டும். அடுத்த ஞாயிறு இருவரும் தனித்தனியாகப் பாடிக் காட்டுவார்கள். இருவருக்கும் நினைவிருக்கும் வரி நிற்கும். ஒருவருக்கு மட்டும் நினைவிருந்தால், எவ்வளவு நல்ல வரியானாலும் போச்சு.*

* எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சட்டம் வந்தால் எவ்வளவோ காகிதம் மிச்சமாகும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

3

டில்லிபாபுவை யோக்கியன் என்று நம்பித்தான் எழுத ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது பாட்டில் என் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டான்.

அந்தப் பாட்டு மஹ்விஷின் அப்பாவைப் பற்றியது. கடைசியில் அவள் இரண்டு வரி பாடினாள்:

மேசையில மூணு தட்டு, அதான் என் பேரு
பேசாத ராசாவுக்கு அது போதும் பாரு

ஒரே ஒரு தடவைதான். பாடி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டில்லிபாபுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மஹ்விஷ் தன்னுடைய நல்ல வரிகளைத்தான் முதலில் மறப்பாள் என்பது அவனுக்கு மூன்று வருஷ அனுபவம். இதுவும் போய்விட்டால்? அன்று அந்தப் பயம் அவனுக்கு முன்கூட்டியே வந்திருந்தது. கிட்டார் பைக்குள் போன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

(இவனைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பாட்டின் மேல் இவ்வளவு ஆசை இல்லாதவன் எனக்கு எதற்கு?)

அந்த வாரம் முழுக்க, லிஃப்ட் பழுது பார்க்கும் இடத்திலெல்லாம், காதில் அந்த இரண்டு வரியைப் போட்டுப் போட்டுக் கேட்டான்.

4

அடுத்த ஞாயிறு மஹ்விஷ் முதலில் பாடினாள். அவன் பயந்தபடியே அந்த இரண்டு வரியும் இல்லை. அவன் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "மேசையில மூணு தட்டு" என்று உருகினான்.

மஹ்விஷ் கிட்டார் கம்பிகள் மேல் கையை வைத்து அமுக்கினாள்.

"டில்லி, எங்க கடைக்கு எத்தினி வாட்டி வந்திருப்ப?"

"இன்னா கேள்வி இது? வாராவாரம் வந்துகினுதானே கீறேன்."

"அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவாரு?"

"ரெண்டு தட்டு."

"மூணு தட்டுனா?"

"டீ..." சொல்லும்போதே அவன் முகம் செத்துவிட்டது.

"அன்னிக்கு அழுகையில நான் தப்பாப் பாடிட்டேன். மனசுல வெச்சிருந்தா உன் வாயில தானா ரெண்டுன்னு வந்திருக்கும். நீ தப்பையும் சேர்த்துப் பாடுற. போனைக் குடு."

கொடுத்தான். அவள் அந்தப் பதிவைத் தேடி எடுத்து அழித்தாள். அவன் வெட்கத்தில் பெஞ்சிலிருந்து குனிந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"இரு மச்சி. நீதான் அந்த வரியையே மறந்துட்டியே. தப்பாப் பாடினது மட்டும் எப்டி ஞாபகம் கீது?"

இப்போது மஹ்விஷ் புல்லைப் பார்த்தாள்.

"மறக்கல" என்றாள். "சனிக்கிழமை அடையாறு ஹால்ல நாம மேடையேறிப் பாடும்போது அப்பா முன்வரிசையில உக்காருவாரு. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எட்டு மாசமா கடை, வீடு தவிர எங்கயும் போகாத மனுஷன், நம்ம பாட்டுக்காக வரேன்னு தலையாட்டியிருக்காரு. இந்த வரியைப் பாடுனா எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்து ஐயோ பாவம்பாங்க. அப்புறம் அவரை வெளிய கூட்டிட்டு வரவே முடியாது."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா உடனே சரின்னு விட்டுடுவ. வேணாம்னு என் வாயால சொல்ல மனசு வரல. எனக்கும் அந்த வரி வேணும்டா."

திருடனும் திருடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இருவர் மேலும் கோபம் வரவில்லை.

5

முடிவு ஒன்று: அந்த வரி இல்லாமல் பாடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். உப்பில்லாத பண்டம்.

முடிவு இரண்டு: வரியோடு பாடுகிறார்கள். தலைகள் திரும்புகின்றன. ஷரஃபுதீன் மெல்ல எழுந்து வாசலை நோக்கி— இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். எனக்கு டீ கொடுத்த மனிதர்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. டில்லிபாபுதான் பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னான்.

"வரியைப் பாட வேணாம். அது வர்ற எடத்துல சும்மா நிறுத்திட்டு, நான் இத்தப் பண்றேன்."

கிட்டாரின் மரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஹால்ல எல்லாருக்கும் இது தாளம். ஒருத்தருக்கு மட்டும்தான் பேச்சு."

மஹ்விஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கை நடுங்கி மூணு தட்டிடாத. எழுந்து டீ போடப் போயிடுவேன்" என்றாள்.

6

சனிக்கிழமை மாலை நானும் போயிருந்தேன். பிரித்துத் தைத்த பிளவுஸ், கச்சிதமாக இருந்தது. முன்வரிசை ஓரத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஷரஃபுதீன். அவருக்கு நேர் பின்னால் நான்.

பன்னிரண்டாவது பாட்டு கடைசிக்கு வந்தது. குரல்கள் நின்றன. டில்லிபாபு மரத்தில் இரண்டு தட்டினான். யாரும் திரும்பவில்லை. ஷரஃபுதீன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலியின் மரக்கைப்பிடியில் இருந்த அவர் விரல் எழுந்தது. பதிலுக்குத் தட்டினார்.

மேடையில் மஹ்விஷுக்கு அது கேட்டது. அவள் சிரித்தாளா, அழுதாளா என்பது அவர் எத்தனை தட்டினார் என்பதைப் பொறுத்தது.

எனக்குத் தெரியும். ஆனால் எழுதிவைக்கவில்லை, போனிலும் பதியவில்லை. இருவருக்கும் ஒன்றாக நினைவிருக்கும் வரிதான் நிற்கும் என்பது சட்டம். உங்களுக்கும் எனக்கும் வேறு சட்டமா என்ன?

பக்கத்தில் மேசை இருக்கிறதா? உங்கள் கணக்கைத் தட்டுங்கள்.