மூவாயிரத்து நூற்றெட்டாம் முகூர்த்தம்

முகூர்த்தப் பேரேட்டில் 3107-க்கு அடுத்து 3109 இருந்தது. ஜெகதீஸ்வரன் தாளைத் திருப்பி மறுபடியும் பார்த்தான். தாளுக்கு ஒரு கல்யாணம், பின்பக்கம் வெற்று. அதுதான் மகமை மண்டபத்தின் வழக்கம். பெண், மாப்பிள்ளை பெயர், ஊர், தேதி, கீழே இருவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு, சாட்சிக்கு மகமைக்காரர்கள் இரண்டு பேர். அருப்புக்கோட்டை மேலப் பஜார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமைப் பணம் எடுத்துவைத்து 1918-இல் கட்டிய மண்டபம் அது. அன்றிலிருந்து அங்கே நடந்த எந்தக் கல்யாணமும் பேரேட்டில் விடுபட்டதில்லை என்பார்கள். 3109, தொண்ணூற்றொன்று வைகாசியின் கடைசி முகூர்த்தம். அதற்கு மூன்று நாள் முந்தியது அவனுடையது. அதைக் காணோம்.

பவள விழா மலருக்கு மண்டபத்தின் வரலாறு எழுத வேண்டும் என்று தலைவர் சௌந்தரபாண்டியன் அவனுடைய வத்தல் கடைக்கே வந்து சொல்லியிருந்தார். பஜாரில் வரலாறு எம்.ஏ. படித்தவன் அவன் ஒருவன்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்திருப்பார். “பாக்குறேன் அண்ணாச்சி” என்றான். ஒரு வருடத்துக்கு மேலாக எதற்கும் அதுதான் அவன் பதில். முனீஸ்வரி எம்.ரெட்டியபட்டிக்காரி. கல்யாணமான பதினோராம் மாதம் நாலே நாள் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், வாடகைக் காரில், அவன் மடியில் போய்ச் சேர்ந்தாள். பதினேழாம் நாள் கடையைத் திறந்துவிட்டான். வத்தல் நெடியில்கூட முதலாளிக்குக் கண் கலங்குவதில்லை என்று சுமை தூக்குகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

3107-ஐ விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தான். தடிமனாக இருந்தது. முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்தான். அந்தத் தாளின் எழுத்துக்கு ஊடே மங்கலாக இன்னொரு எழுத்து தெரிந்தது. பேனாவை அழுத்திப் போட்ட கையெழுத்து. ‘மு’ மட்டும் தெளிவாக இருந்தது.

“ஒட்டுனது நாந்தான்” என்றார் மண்டபத்துக் காவலாளி தங்கசாமி. மறைக்க நினைத்ததாகத் தெரியவில்லை. “தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சி. வேற பசைன்னா தாளு சுருங்கிப்போகும்.”

“எதுக்கு?”

“இங்க தாலி ஏறுன பொண்ணு ஒண்ணுகூட வாழாமப் போனதில்லன்னு மண்டபத்துக்கு ஒரு பேரு இருக்குல்ல. அதுக்குத்தான். எனக்கு முன்னாடி எங்கய்யா ஒட்டுனாரு. கோவிச்சுக்காதீக தம்பி. ஒங்க தாளு மொதல்ல ஒட்டவே மாட்டேன்னுருச்சு. ரெண்டு தடவ தடவுனேன்.”

பதினோரு பேரேடுகளையும் அன்றே பார்த்தான். படிக்கவில்லை, விரலால் தடவிக்கொண்டே போனான். அறுபத்து நாலு தடித்த தாள்கள். சாகக் கொடுத்தவை, தாலியறுத்தவை, ஆறே மாதத்தில் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவை என்று தங்கசாமி சொல்லிக்கொண்டே வந்தார். வரலாற்றை இரண்டு நாளில் எழுதி முடித்தான். ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் அறுபத்து நாலு எண்கள், வேறொன்றுமில்லை.

சௌந்தரபாண்டியன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கடைசிப் பக்கத்த எடுத்துரு.”

“பொய்யா அண்ணாச்சி?”

“பொய்யின்னு யாருலே சொன்னா? கல்யாண மண்டபத்து மலர்ல எழவுச் சேதி போடுவாகளா? பந்தல்குடி ரோட்டுல ஒருத்தன் புதுசா மகால் கட்டுறான். சாப்பாட்டுக் கூடத்துக்கே அறுபது ஃபேனாம். நம்மகிட்ட என்ன இருக்கு? ராசி இருக்கு. அது ஒண்ணுதான் இருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வர்ற தையில ஒனக்கே இங்க வச்சு முடிப்போம்லே. பொண்ணு நான் பாக்குறேன். புதுத் தாளு, புது நம்பரு.”

தனக்கு வந்தது கோபம் என்று தெரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“அவளும் செத்தா அந்தத் தாளையும் ஒட்டுவீகளோ?”

“ஏலே, நாக்க அடக்கிப் பேசு.”

அவன் எழுந்து வந்துவிட்டான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலையில், பதினோராம் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபத்து அடுப்படிக்குள் நுழைந்தான். சமையல்காரி அருஞ்சுனை இட்லிக் கொப்பரையின் மூடியை விலக்கிக்கொண்டிருந்தாள். ஆவி முகட்டை முட்டியது.

“என்ன தம்பி, பேரேட்டையா வேக வைக்கப் போறீக? சாம்பாரா, சட்னியா?”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒட்டிய தாள்களைப் பற்றி இரண்டு வாக்கியத்தில் சொன்னான். அருஞ்சுனையின் கை கொப்பரை விளிம்பிலேயே நின்றது.

“எனக்கும் இங்கதான் தாலி கட்டுனாக” என்றாள். “எழுபத்தொண்ணு ஆவணி. மூணாம் வருசம் அவுக லோடு ஏத்திக்கிட்டுப் போன லாரி கவுந்துருச்சு. அதுக்கப்புறம் நான் மண்டபத்து வாசப்பக்கம் வந்ததில்ல. அடுப்படிக்குத்தான் கொல்லவாசல் இருக்கே.”

“நம்பர் ஞாபகம் இருக்கா?”

“நம்பரு யாருக்குத் தெரியும்? மழ பேஞ்சு பந்தி நனஞ்சுச்சு. அதான் ஞாபகம்.”

அவன் திரும்பிப் போய் எட்டாம் பேரேட்டையும் எடுத்து வந்தான். தாளை எவ்வளவு நேரம் ஆவியில் காட்ட வேண்டும் என்பது அவனைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓரம் லேசாக வாய் திறந்ததும் தோசைக்கரண்டியின் விளிம்பை உள்ளே கொடுத்து, அப்பம் எடுப்பதுபோலப் பிரித்தாள். 3108 முழுசாக வந்தது. மை கொஞ்சம் பரவியிருந்தது. முனீஸ்வரி தன் பெயரைக் கோட்டுக்கு மேலே ஏற்றி எழுதியிருந்தாள். கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில், தான் அவள் காதருகே குனிந்து ‘கோட்டுல போடு’ என்று சொன்னது நினைவு வந்தது. ‘எனக்கு இப்படித்தான் வரும்’ என்றாள் அவள். அவன் தாளை நெடுநேரம் பார்த்தான். பிறகு எட்டாம் பேரேட்டில், எழுபத்தொன்று ஆவணியில் தடித்திருந்த அருஞ்சுனையின் தாளை அவளே பிரித்தாள்.

தாலி கட்டி முடிந்தபோது வாசலருகே, சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் இருந்த மேசையில், பேரேடுகள் இரண்டும் ஃபேனுக்கு அடியில் விரிந்து கிடந்தன. மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டிய 3190 அதே பதினோராம் பேரேட்டில்தான் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சௌந்தரபாண்டியன் வந்தார். வாயில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

“மூடுலே அத.”

“ஈரமா இருக்கு அண்ணாச்சி. மூடுனா ஒட்டிக்கிடும்.”

“ஒன்னிய மலருக்குத்தான எழுதச் சொன்னேன்?”

“மலர்ல வேணாம்னீக. மலர்ல போடல.”

அவர் கையை நீட்டினார். ஜெகதீஸ்வரன் பேரேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். அழுத்தவில்லை, வைத்திருந்தான். சம்பந்திமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நீட்டிய கை சந்தனக் கிண்ணத்தின் பக்கம் போய் நின்றது.

கல்யாணப்பெண் மாலையை ஒதுக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். 3190-இல் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் விரிந்திருந்த எட்டாம் பேரேட்டைப் பார்த்தாள்.

“இது யாரு ரேக?”

முற்றத்தின் நடுவே, மணவறைக்கு முன்னால், பந்திக்கு நின்ற கூட்டம் வழிவிட, அடுப்படி நிலையில் நின்றிருந்த அருஞ்சுனை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நாந்தான்த்தா” என்றாள்.

அந்த இடது பெருவிரல் ரேகையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஈரம் இன்னும் காயாமல் மினுங்கியது. அவள் குனிந்து, சூடான சோற்றை ஆற்றுவதுபோல, அதன்மேல் மெல்ல ஊதினாள்.