நடுவர் வருவார்

1

விலைமதிப்பில்லாத இந்தக் கதையை ஒரே ஓர் எழுத்து கொடுத்து வாங்கினேன்.

விற்றவர் என் மைத்துனி, மனைவியின் தங்கை. தன் வாழ்க்கையில் மூன்று மாதங்களைக் கதையாக்கிக்கொள்ள அவர் கேட்ட விலை இவ்வளவுதான்: "முழுக்க 'அவர்'னு எழுதுங்க அத்தான். எங்கயும் 'அவள்' வரக் கூடாது."

துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. "பாதிக்கு 'அவர்', பாதிக்கு 'அவள்'. படியுமா?"

"மச்சினின்னா 'அவள்'. நடுவர்னா 'அவர்'. நீங்க யாரைப் பத்தி எழுதறீங்க?"

படிந்தது, அவர் பக்கமாக.

2

முதல் தொடக்கம்: *கிடங்கு மேற்பார்வையாளரான அவள்*

நிறுத்திவிட்டேன். நிறுத்திய இடம் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். பதினெட்டு வருடமாக 'வா, போ' என்று பேசிய பழக்கம் லேசில் விடுவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: *கிடங்கு மேற்பார்வையாளர் வாரநாட்களில் லாரிகளை நிறுத்துவார், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்தாட்டத்தை நிறுத்துவார்.*

மைத்துனி என்று முன்பே சொல்லியிராவிட்டால் இந்த வாக்கியத்துக்கு நீங்களாகவே ஒரு மீசை வரைந்திருப்பீர்கள். நம் மரியாதை விகுதி அப்படிப்பட்டது. ஆணா பெண்ணா என்று அது சொல்லாது, நாம்தான் ஆண் என்று எடுத்துக்கொள்வோம். (கிடங்கில் கையொப்பத்துக்கு வரும் லாரி ஓட்டுநர்கள் இன்றும் இவரிடமே "பெரியவர் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள்.)

3

முதல்நிலை நடுவர் பட்டியலில் சேர, மதிப்பீட்டு ஆட்டம் ஒன்றில் நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்க வேண்டும், அதுவும் நாற்பது வயதுக்குள். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குமுன் இரண்டு முறை முயன்று கோட்டைவிட்டிருந்தார். முதல் அறிக்கையில், மற்றக் கழிவுகளோடு, 'குரல் மென்மையானது': பத்து மதிப்பெண் கழிவு. இரண்டாவதில், அதேபோல் மற்றவற்றோடு, 'ஆட்டக்காரர்கள் கூச்சப்பட்டனர்': பன்னிரண்டு கழிவு. கூச்சம் அவர்களுடையது, கழிவு இவருக்கு. எங்கள் கடையில்கூட யாரும் இப்படி முழம் போட்டதில்லை.

கடைசி வாய்ப்பு, உள்ளூர் ஒன்று வெளியூர் ஒன்று என இரண்டு தொழிற்சாலை அணிகள் மோதிய ஆட்டம். மைதானத்தின் சொந்தக்காரரான கழகத்துக்குக் கடிதம் போயிருந்தது: 'நடுவர் மூன்று மணிக்கு வருவார்.' இரண்டே முக்காலுக்கு வாசலில் கழகச் செயலாளர் மறித்தார்.

"குடும்பத்துக்காரங்க உக்கார்ற இடம் அந்தப் பக்கம்மா."

"நடுவர் அறை எங்க சார்?"

"அவர் இன்னும் வரலையே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ரொம்ப நெருங்கின சொந்தம். சாவியைக் குடுங்க, அவர் வந்தாச்சு."

செயலாளர் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். (இது என் கைச்சரக்கு இல்லை. என்னுடையதாக இருந்தால் இரண்டு முறை எட்டிப் பார்க்க வைத்திருப்பேன்.)

4

இங்கேதான் பேனாவை மூடி வைத்தேன்.

எண்பத்தெட்டாவது நிமிடம், ஆட்டம் சமநிலை. உள்ளூர் அணிக்காரர் ஒருவர் கோலுக்கு முன்னால் இடறி விழ, நடுவர் பெனால்டி என்று ஊதிவிட்டார். மைதானம் முதல் தடவையாக அவருக்குக் கை தட்டியது. அப்புறம்தான் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். கொடி நடுவரின் கொடி ஏற்கெனவே உயர்ந்து நின்றது. ஆஃப்சைடு. விழுவதற்கு முன்பே, பந்தை வாங்கிய இடமே தப்பு.

இதை மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். கதையில் ஒரு பெண் சறுக்கினால் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வதற்கு ஒரு கூட்டமே தயாராக இருக்கிறது. அந்தக் கொடியைக் கீழே இறக்கி எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"எதுக்கு என்னைக் காப்பாத்தறீங்க?"

"படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆம்பளை நடுவருங்க வாரத்துக்கு ஒண்ணு தப்பா ஊதறாங்க. திங்கக்கிழமை எல்லாரும் மறந்துடறாங்க. நான் ஊதினா மட்டும் 'பொம்பளைங்களே இப்படித்தான்'. என் தப்பு எனக்கு மட்டும் சொந்தமா இருக்கட்டும் அத்தான். அதையும் எடுத்துக்காதீங்க."

கொடியை மறுபடி உயர்த்திவிட்டேன்.

நடுவர் முடிவைத் திருத்தினார், பெனால்டி கிடையாது. ஒரு நிமிடம் முன்பு கை தட்டியவர்களே அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள். உள்ளூர் அணித் தலைவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"நிஜமாவே மாத்தறியா?"

"மாத்தியாச்சு. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். ஆட்டம் சமநிலையிலேயே முடிந்தது. மதிப்பெண் போட வந்திருந்த, முகத்தில் எதையும் காட்டாத மதிப்பீட்டாளர், நடுவர் அறை வாசலில் சொன்னது ஒரே வாக்கியம்: "கொடியைப் பார்க்காம ஊதினீங்க." போய்விட்டார்.

(இவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது சரியாக இருந்துதொலைத்தது.)

5

முடிவு, முதல் மாதிரி: *கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு* — நடுவரைக் கொண்டாடுவதற்காகத் தூக்கிய கூட்டம் எங்கேயும் கிடையாது. தூக்கினால் எறிவதற்குத்தான்.

இன்னொரு மாதிரி: *தேர்வில் தோற்றாலும் உள்ளங்களை வென்று* — இந்தச் சரக்கைப் பெண்கள் தலையில் போதுமான அளவு கட்டியாகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் நாள் அறிக்கை வந்தது. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் உறையைப் பிரித்திருக்கிறார். எனக்கு போன் செய்தபோது முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சிரிப்பு, நிற்காத சிரிப்பு.

"அத்தான், அஞ்சு தப்பு. அஞ்சும் நான் பண்ணினது."

"தேறியாச்சா?"

"படிக்கறேன். நீங்களே கணக்குப் போடுங்க."

நான் போட்டால் என் பக்கம் சாய்த்துப் போடுவேன், வளர்ந்த இடம் அப்படி. ஆகவே முடிவை உங்களிடமே விடுகிறேன். மொத்தம் நூறு, தேவை எழுபத்தைந்து.

கொடியைக் கவனிக்காமல் பெனால்டி அளித்தது: 8
கார்னரின்போது பந்துக்கு வெகு தூரத்தில் நின்றது: 6
மஞ்சள் அட்டை காட்டத் தாமதித்தது: 5
மாற்று ஆட்டக்காரரின் எண்ணைத் தவறாகக் குறித்தது: 3
இரண்டாம் பாதியை ஒரு நிமிடம் பிந்தித் தொடங்கியது: 2
வேறு கழிவுகள்: இல்லை.