காதோரத்தில் கொழும்பு

1970 மே 24, ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் கழிந்து ஆறேகால் மணிக்கு மந்தைவெளியில் சிதம்பரநாதன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு: ஜன்னலுக்குக் கீழே இரவல் நாற்காலியில் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர், அவருக்கு இடப்பக்கம் மகன் முருகையன், எதிரே பாயில் அவர் மனைவி சுந்தரவல்லி, வாசல் பக்கம் ஸ்டூலில் சிதம்பரநாதன், சுவரோரம் நின்றபடி அவர் மனைவி முத்துலட்சுமி, சமையலறை நிலைப்படியில் பக்கத்துப் போர்ஷன் சகினா, நடுவில், தலை குனிந்து, பெண் சண்முகவடிவு. பெண்ணின் தலைமுடியில் ரேடியோ கேட்கும் என்பது பிள்ளை வீட்டாருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

அது அவளுடைய ஏழாவது வயதில் தொடங்கியது. சுருட்டை முடி. தலைக்குக் குளித்துக் காயவைத்த ஒரு வெள்ளிக்கிழமை வலது காதோரச் சுருள் கொழும்பு ஸ்டேஷனையும், பிடரிச் சுருள் மெட்ராஸ் ஸ்டேஷனையும் பிடித்தன. சிதம்பரநாதன் எதையும் முறைப்படி செய்கிறவர். மறுநாளே தபாலாபீசுக்குப் போய் ரேடியோ லைசென்ஸுக்கு மனு எழுதினார். தயாரிப்பு என்ற இடத்தில் ‘சுருட்டை’ என்றும், வால்வுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும் நிரப்பினார். குமாஸ்தா படித்துப் பார்த்து, கையெழுத்து விளங்குகிறது என்று சொல்லி முத்திரை குத்தினார். அதிலிருந்து வருஷம் தவறாமல் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

சத்தத்தை அடக்க எண்ணெயால்தான் முடிந்தது. முடி வறண்டால் சுருள் இறுகி ஸ்டேஷன் துல்லியமாகும். எண்ணெய் ஏற ஏறத் தளர்ந்து குரல் மங்கும். சகினாவுக்கும் சுருட்டை முடிதான், ஆனால் ஊமை முடி. பக்குவம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். மூன்று பங்கு தேங்காயெண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். ஈரம் போவதற்குள் முடியை எட்டுப் பாகமாகப் பிரித்து, நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். சிக்கை விரலால் எடுத்த பிறகுதான் மரச்சீப்பு. காய்ந்த முடியில் சீப்பே படக் கூடாது. அப்படிச் செய்த நாட்களில் சுருள்கள் மினுமினுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

முத்துலட்சுமிக்கு அந்த முணுமுணுப்பும் பயம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயதானதிலிருந்து பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் காப்பியை வாயருகே கொண்டுபோனபோது பிடரி புயல் எச்சரிக்கை வாசித்தது. இன்னொருவர் முன்னால் உர விளம்பரம். மூன்றாமவர் வந்தபோது முடி ஒன்றும் பேசவில்லை, ஆனால் அவருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை. மூவரும் போகும்போது சொன்னது ஒன்றுதான்: “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்.” அந்த லெட்டர்கள் எந்தத் தபாலிலும் வரவில்லை. அதன்பின் முத்துலட்சுமி விளக்கெண்ணெயை மட்டும், அதுவும் ஆழாக்குக் கணக்கில், ஊற்ற ஆரம்பித்தாள். முடி ஈரத்துணி போலப் படிந்தது, வெளியே சத்தம் நின்றது. ஆனால் சத்தம் உள்ளே போயிற்று.

“அம்மா, மண்டைக்குள்ள ரெண்டு ஸ்டேஷனும் சண்டை போடுது. கண்ணைத் தொறக்க முடியல” என்பாள் சண்முகவடிவு.

“பொறுத்துக்கடி. ஒரு கல்யாணம் ஆவுற வரைக்கும்.”

“ஆனப்பறம்?”

முத்துலட்சுமி இன்னொரு கை எண்ணெயை உச்சியில் வைத்தாள். சகினா எட்டிப் பார்த்து, “இன்னாக்கா இது, தலையா, பஜ்ஜிச் சட்டியா? சுருட்ட முடிக்குத் தாகம் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். குடிக்கக் குடு. முழுக அடிச்சிக்கினு கீறியே” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஜவுளிக்கடைக்காரர் குறித்த நேரம் சிதம்பரநாதனைக் கலக்கிற்று. அந்த நேரத்தில்தான் கொழும்பில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். பெண் பார்க்கும் கூடத்தில் இழவுச் செய்தி! வேறு நேரம் கேட்டு எழுதினார்; தோதுப்படாது என்று பதில் வந்தது. ஆகவே அன்று எண்ணெய் இரண்டு ஆழாக்கு.

கேசரி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். யாரும் தடுப்பதற்குள் முருகையனே திறந்துவிட்டான். பட்டினப்பாக்கத்திலிருந்து கடல்காற்று உள்ளே வந்து சண்முகவடிவின் நெற்றியைத் தொட்டது. முத்துலட்சுமி பார்த்துக்கொண்டே இருக்க, வலது காதோரத்தில் ஒரே ஒரு முடிக்கற்றை எண்ணெயை உதறிவிட்டு, மெள்ள மெள்ளச் சுருண்டு எழுந்தது.

“...யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட...” என்றது.

சிதம்பரநாதன் எழுந்து நின்றுவிட்டார். சகினா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஜவுளிக்கடைக்காரர் வாயில் கேசரி அப்படியே நின்றது.

சுந்தரவல்லி பாயை விட்டு முழங்காலாலேயே நகர்ந்து பெண்ணுக்கு அருகே வந்தாள். “தாயி, சத்தத்தைச் செத்தக் கூட்டேன்.”

அவளுடைய தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனவன். கடிதம் நின்று பதினோரு வருஷம். நாள்தோறும் இந்த நேரத்துக்கு அடுத்த வீட்டு ரேடியோவின் முன்னால், அவன் பெயர் வந்துவிடுமோ என்று அவள் போய் உட்காருவாள். இன்று வர மாட்டேன் என்று அழுதவளைக் கணவர்தான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தார். இதையெல்லாம் அவளே பெண்ணிடம் அவசர அவசரமாகச் சொன்னாள்.

சண்முகவடிவு நிமிர்ந்தாள். “உங்க தம்பி பேரு என்ன அத்தை?”

“வெள்ளைத்துரை.”

அவள் யாரையும் கேட்காமல் பின்னலை அவிழ்த்தாள். முந்தானையால் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன; மெட்ராஸ் பேசத் தொடங்கிய பிடரியை மட்டும் கையால் பொத்திக்கொண்டாள். ஆறு பேருடைய மரணத்தைக் கூடம் முழுவதும் மூச்சுவிடாமல் கேட்டது. ஆறிலும் அந்தப் பெயர் இல்லை.

“இன்னைக்கும் இல்ல” என்று சுந்தரவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மதினி, பிள்ளை தலைக்கு இம்புட்டு எண்ணெய் ஆகாது.”

“பின்னாடிச் சுருள்ல கிரிக்கெட் கேக்குமா?” என்றான் முருகையன். அப்பா முறைத்ததில் அவன் கூரையைப் பார்த்தான். புறப்படும்போது ஜவுளிக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, “போய் லெட்டர் போடுதோம் அண்ணாச்சி” என்றார்.

ஒன்பது நாள் முத்துலட்சுமி சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு வந்தது. சிதம்பரநாதனின் கலக்கம் அதோடு தீரவில்லை. மகளைக் கூப்பிட்டு, “அவங்க பொண்ணைக் கேக்கறாங்களா, ரேடியோவைக் கேக்கறாங்களான்னு தெரியலியேம்மா” என்றார்.

“ரெண்டும் ஒரே தலையிலதானப்பா இருக்கு. அங்க போனா தலைவலி இருக்காது. எனக்குச் சம்மதம்.”

அன்று மாலையே அவர் தபாலாபீசுக்கு எழுதினார்: மேற்படி லைசென்ஸில் கண்ட ரேடியோ ஆவணி முதல் தியாகராய நகர் விலாசத்தில் இருந்துவரும், பெயர் மாற்றம் இல்லை, விலாசம் மாத்திரம் மாற்றித் தர வேண்டியது. கவரின் வாயில் கோந்து தடவும்போது மகளின் முடி ஒன்று மடிப்பில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காமலே ஒட்டினார். தெருமுனைப் பெட்டியில் போட்டபோது, உள்ளேயிருந்து மெல்லிய குரல் கொழும்பு நேரம் ஆறு மணி என்றது. சிதம்பரநாதன் தன் கைக்கடிகாரத்தை இரண்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.