குக்கர் வயர்

பழைய சாமான்காரர் தராசோடு வாசலுக்கு வந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு இன்னும் உயிர் வரவில்லை.

வீட்டைக் காலி செய்கிறோம். அப்பா இனி தம்பியோடு இருக்கப் போகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதுல உங்கம்மா பேசினது இருக்குன்னியே, போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுக் காட்டு." அம்மா போய் ஆறு வருடம். அவள் குரல் வேறெங்கும் கிடையாது. நான் பத்தாவது படிக்கையில், புது மைக்கைச் சோதிக்கப் பதிந்த அரை நிமிடம்தான் மிச்சம்.

பட்டனை அமுக்கினால் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை.

"பவர் சப்ளை போயிடுச்சுக்கா. தூக்கிப் போட்டுடலாம்," என்றான் தம்பி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா! டாக்டரே நாடி புடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்வாரு."

சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினேன், சார்ஜ் ஏறியது. பின்பக்கச் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. அடுத்து பவர் வயர். அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன்.

பரீட்சை மாதங்களில் அப்பா அந்த வயரைச் சுருட்டிச் சாப்பாட்டு டப்பாவோடு ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுவார். நாங்கள் விளையாடக் கூடாதாம்! அப்படிச் சுருட்டிச் சுருட்டியே உள்ளே கம்பி அறுந்திருக்க வேண்டும். வேறு வயர் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மானிட்டருக்குத் தனி வயர் கிடையாது, கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்தே கரண்ட் போகும். அச்சு அசலாக அதே வாயுள்ள வயர் வீட்டில் ஒன்றுதான் உண்டு: ரைஸ் குக்கருடையது.

அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மா அதைக் கழற்றிக் கொடுப்பாள். "அஞ்சு மணிக்கு என் கைக்கு வந்துடணும்," என்பாள். மூன்று பேரும் கூட்டுக் களவாணிகள். அம்மா கடைசிவரை அப்பாவிடம் மூச்சு விடவில்லை. இப்போது எதிரே நாற்காலியில் அப்பா. நாற்பத்துமூன்று வயதிலும் அவர் முன்னால் அந்த வயரை எடுக்க எனக்குப் பயம். தம்பி தரையைப் பார்த்தான்.

"ஏன் ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க?" என்றார் அப்பா. "சமையலறைல குக்கர் வயர் கிடக்கும். எடுத்துட்டு வந்து மாட்டு."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தினம் வந்ததும் மானிட்டர் முதுகத் தொட்டுப் பாப்பேன். சுடும். அவளே உங்க கட்சின்னா, நான் யாரத் திட்டறது?"

மாட்டினேன். கரகரவென்று விசிறி சுற்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமான்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

தேடிப் பிடித்து ஃபைலைத் திறந்தேன். முதலில் பாத்திரச் சத்தம். அப்புறம் அம்மா.

"போதும்டி, ஆஃப் பண்ணு! மணி அஞ்சாச்சு. வயரக் குடு, அப்பா வர்றதுக்குள்ள சோறு வைக்கணும்."

அப்பா எழுந்து வந்து மானிட்டர் முதுகில் கை வைத்தார்.

"ஓடட்டும் விடு," என்றார் அம்மாவிடம். "நான் ஒண்ணும் சொல்லல."