நாற்பத்தொரு பெண்களின் ஸ்லைடுகள்

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே டாக்டர் கேட்டாள்: "இது யாரோடது?"

"பதினேழாம் நம்பர் மேடம். பொம்பளைங்க லிஸ்ட்ல."

"அதுல ஒண்ணுமே இல்லைன்னுதானே எழுதியிருக்கோம்?"

லேப் டெக்னீஷியன் மெழுகு தலையை மட்டும் ஆட்டினார். திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவித் தருவது அவர் வேலை. அதனால் லேபில் அந்தப் பெயர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களை மட்டும் ஏன் இப்படிப் பல மடங்கு பிடிக்கிறது என்ற கேள்வியின் பின்னால் அவள் மூன்று வருஷம் நாயாய் அலைந்திருந்தாள். ஆண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பி புற்றுச் செல்லில் இருந்தால், சாயம் போட்டதும் உட்கரு பழுப்பாகும். ஆண்களில் பாதிப் பேருக்குப் பழுப்பு. நாற்பத்தொரு பெண்களில் இரண்டே பேருக்கு. கட்டுரை அச்சுக்குப் போகவிருந்தது. அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்தைப் பெண்களிடம் சோதிக்கத் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தாள். அதை நம்பி, தொடங்கவிருந்த மருந்துச் சோதனையில் பெண்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

இப்போது பதினேழு, மறுக்கவே முடியாத பழுப்பு.

"என் தப்புதான் மேடம். வீட்டுக்காரிக்கு இடுப்பு ஆபரேஷன்னு லீவு போட்டேன்ல, அதுக்கு முன்னாடி பொம்பளைங்க ஸ்லைடு மொத்தத்தையும் வெட்டி வெச்சுட்டுப் போனேன். சாயம் போட ஏழு மாசம் ஆயிடுச்சு. ஆம்பளைங்களோடத வெட்டின வாரமே போட்டோம். இது இப்ப புதுசா வெட்டி உடனே சாயம் போட்டது."

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். வெட்டிய திசு மாதக்கணக்கில் கிடந்தால், ஏற்பி இருந்தும் சாயம் பிடிக்காமல் போகலாம். சாயம் பிடிக்கிறதா என்று சரிபார்க்கப் பக்கத்தில் வைத்த ஸ்லைடோ அவ்வப்போது புதிதாய் வெட்டியது. அது ஒழுங்காகப் பழுப்பேறி எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டது.

"திரும்ப வெட்டச் சொல்லி யார் கேட்டாங்க உங்கள?" என்று கத்தினாள்.

"யாரும் கேக்கல மேடம். நீங்க குடுத்த கட்டுரையப் பொண்ணு படிச்சுச் சொன்னா. பொம்பளைங்களுக்கு மருந்து வேணாம்னு போட்டிருக்காமே. மனசு கேக்கல. அஞ்சு பேரோடத வெட்டிப் பாத்தேன். மூணு பழுப்பு."

வேலை போகலாம் என்று தெரிந்தே வந்திருக்கிறார். அவர் கை சீவியதில் ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. தானாக இருந்தால் இப்படி வந்து நின்றிருப்போமா? மாட்டோம் என்றே அவளுக்குப் பட்டது. கோபம் தணியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

கம்ப்யூட்டரைத் திருப்பி, பத்திரிகைக்கு இரண்டே வரி எழுதினாள்: கட்டுரையை நிறுத்துங்கள், பெண்களின் முடிவு தவறு. மூன்று வருஷம் ஒரு விரல் அழுத்தத்தில் போயிற்று. பிறகு மருந்துச் சோதனைக்காரர்களுக்குப் போன் செய்து, பெண்களை ஒதுக்க வேண்டாம், பட்டியலை மூடாதீர்கள் என்றாள்.

"மிச்சம் முப்பத்தாறு பேரோட மெழுகு பிளாக் எங்க?"

"ஐஸ்ல வெச்சுட்டேன் மேடம். சில்லுன்னு இருந்தாத்தான் வெட்ட வரும்."

"நான் என்ன சொல்வேன்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

மெழுகு முதன்முறையாகச் சிரித்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் முதல் பெண்ணின் திசு மிதந்து, சுருக்கம் நீங்கி விரிந்தது. டாக்டர் ஒரு ஸ்லைடின் ஓரத்தில் வெட்டிய தேதியாக அன்றைய நாளைப் பென்சிலால் எழுதி அவரிடம் நீட்டினாள்.