உப்பில் கிடந்த பென் டிரைவ்

என் மனைவி உதயா கடைசியாகப் போனில் பேசியது இரண்டு நிமிடம்.

"இன்னைக்குக் கெளம்புற கப்பல்ல ஒரு பார்சல் குடுத்து விட்டிருக்கேன். வந்ததும் மொதல்ல நார்த்தங்காயப் பிரிங்க."

"சரி" என்றேன். என் டிக்கெட் கவுண்டர் முன்னால் வரிசை நின்றது.

அவள் இதய அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் இருந்தாள். நான் இந்தத் தீவிலிருந்து வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்திருந்தேன். புதன்கிழமையே அவள் இதயம் நின்றுவிட்டது. பார்சல் அப்போது நடுக்கடலில் இருந்தது.

காரியங்களை முடித்துத் திரும்பியபோது, ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் என் மேஜைமேல் யாரோ அதை வைத்திருந்தார்கள். லம்பா லைனில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்து வந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

பிரித்தது பக்கத்து வீட்டு சொர்ணம்மா அக்கா. அவருக்குக் காய்ச்சல், ஊறுகாய் ஏதாவது இருக்கிறதா என்று வந்தார். இங்கத்திய ஈரத்தில் உப்பு கசிந்து பொட்டலம் நனைந்திருந்தது.

"அரே தம்பி, நார்த்தங்காய்க்குள்ள இது என்னது?"

பாலிதீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட பென் டிரைவ். பாலிதீனுக்குள்ளும் தண்ணீர்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. உதயா கச்சால் தீவில் பிறந்தவள். சுனாமி அலை வந்தபோது அவள் வீட்டில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. கப்பலில் வரும் பார்சலில் எதுவும் தொலையலாம் என்று அவளுக்குப் பயம். நான் உடனே பிரிக்கக்கூடியது நார்த்தங்காய்தான் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் அதற்குள் வைத்திருக்கிறாள். இங்கே நெட்டில் வீடியோ வந்து சேராது. பேசிப் பதிந்து அனுப்பியிருப்பாள். அவள் குரல் என்னிடம் வேறெங்கும் இல்லை.

கணினியில் செருகினேன். அவள் எப்போதும் தலைகீழாகச் செருகுவாள், பிறகு திருப்புவாள். எனக்கு முதல் முறையே சரியாக உள்ளே போனது. பென் டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"லைட்டு எரியுதே. அப்ப உசுரு இருக்குல்ல?" என்றார் அக்கா.

"லைட்டு எரிய ரெண்டு தகடு போதும்க்கா. பேச இன்னும் ரெண்டு வேணும்."

முனையைக் காட்டினேன். உள்ளே நான்கு செம்புத் தகடுகள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு. அவை கொஞ்சம் நீளம். செருகும்போது முதலில் அவைதான் தொடும். நடுவில் இருக்கும் இரண்டும் பேச்சுக்கு. கணினி முதலில் நீ யார் என்று கேட்கும். செருகிய பொருள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது உட்பட. பதில் வந்தால்தான் உள்ளே இருப்பதைத் திறக்கும். இதில் நடுத் தகடு ஒன்றை உப்பு தின்றிருந்தது. பச்சைப் பொடிதான் மிச்சம்.

"உன்னைய மாதிரிதான்" என்றார் அக்கா. "ஆபீஸ் போற, வர்ற. வாயத் தெறக்குறதில்ல."



ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மவுஸ் ஒன்றின் ஒயரை வெட்டினேன். சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. பென் டிரைவின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, நான்கையும் உள்ளிருந்த சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சிவப்பும் கறுப்பும் மாறினால் எல்லாம் போய்விடும். மூன்று முறை சரிபார்த்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செருகினேன். கணினி டிங் என்றது.

திரையில் ஒரு பெயர் வந்தது. பென் டிரைவுக்கு நாமே பெயர் வைக்கலாம். பதினோரு எழுத்துக்குமேல் இடம் கிடையாது. ஆங்கில எழுத்தில் பதினொன்றையும் நிரப்பியிருந்தாள்.

சாப்டீங்களா.

பெயர்மேல் சொடுக்கினேன். ஒரே ஒரு வீடியோ இருந்தது. அதையும் சொடுக்கினேன். மவுஸ் குறி சுழன்றுகொண்டே இருந்தது. பலகையிலிருந்து சூடேறிய வாசனை வந்தது. விளக்கு அணைந்தது. பெயர் மறைந்தது.

மறுபடி செருகினேன். அன்று எத்தனை முறை செருகினேன் என்று தெரியாது. பலகை முழுக்க உப்பு இறங்கியிருந்தது. வந்த வாரமே பிரித்திருந்தால் துடைத்துப் போட்டிருக்கலாம்.

"என்ன தம்பி, பேசுச்சா?"

"சாப்டீங்களான்னு கேக்குறா."

அக்கா உள்ளே வந்து, என் அடுப்பில் சோறு வைத்தார்.

நார்த்தங்காய் ஒன்றில் பென் டிரைவ் அழுந்திய தடம் இருந்தது. அதை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டேன். உப்பு அதிகம். முழுவதையும் சாப்பிட்டேன்.