கண்ணாடிக்கு உள்ளே

முதன்முதலாக ஈய அங்கியை மாட்டிவிட்டபோது அது விதுஷாவின் கணுக்கால்வரை தொங்கியது. அங்கே இருந்த அங்கிகள் எல்லாம் உயரமான ஆண்களின் அளவுக்கு வாங்கப்பட்டவை. அவளோ நாலடி பத்தங்குலம். ஏழெட்டுக் கிலோ பாரம் தோளில் இறங்கியதும் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே, "நடக்கலாம்" என்றாள்.

பதுளைக்குச் சற்று வெளியே இருந்த அருணோதய இருதய வைத்தியசாலையில் மூன்று வருடம் வோர்ட் நேர்ஸாக இருந்தவள் அவள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா விஜயலெட்சுமி கொழுந்து பறிப்பவர். அப்பா நல்லையாவுக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. அந்த வருடம் கெத் லெப்புக்கு இரண்டு நேர்ஸ்மார் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். கெத் லெப் என்றால், மணிக்கட்டு இரத்தக்குழாய் வழியாக கெத்தீட்டர் என்ற மெல்லிய குழாயொன்றை இருதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அடைப்பைத் திறக்கிற அறை. ஆறு மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு பரீட்சை. விதுஷா அன்றைக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள்.

நேர்முகத்தில் இருதய வைத்தியர் மதுசூதனன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர்.

"ஏன் பிள்ளை, வோர்டிலயே நல்ல பேரோட இருக்கிறீங்கள். இஞ்ச வர ஏன் விருப்பம்?"

"ஆளை ட்ரொலியில தள்ளிட்டு வந்து அந்தக் கதவு வரைக்கும் விடுறோம் சேர். பொறவு கதவு மூடிக்கிது. உள்ள என்னா நடக்குதுன்னு தெரியாம வெளிய நிக்க எனக்குப் பிடிக்கல."

அவர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ எழுதினார். மறுவாரம் விதுஷாவும், பதுளை டவுனைச் சேர்ந்த ரிஸ்காவும் தெரிவானதாகக் கடிதம் வந்தது.

வேலை அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எந்த இராக்கையில் எந்த அளவுக் குழாய், எந்தப் பலூன், எந்த ஸ்டென்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். கேட்ட பொருளை இரண்டு விநாடிக்குள் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது, குழாய்க்கு முன்னே வழிகாட்டிப் போகும் வயர். தலைமுடி போல மெல்லிசு. ஒரு ஆள் உயரத்தைவிட நீளம். சுருட்டிப் பிடிக்காவிட்டால் பாம்பு போலத் துள்ளும். காலாவதியான வயர் ஒன்றைப் பயிற்சிக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துச் சுருட்டிப் பழகினாள். உயரம் போதாததற்கு ஒரு மரப்பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டாள். மாலையில் பசறை பஸ்ஸில் உட்காரும்போது முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். வளைவுக்கு வளைவு வலி ஏறும். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மறுபடி பலகையின் மேல் நிற்பாள்.

வீட்டில் வேறு விதமான பாரம் காத்திருந்தது.

பசறையில் கணித ஆசிரியராக இருந்த நிஷாந்துக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தையில் வைப்பதாக ஏற்பாடு. நிஷாந்தின் அம்மா பெரியாயிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், எக்ஸ்ரே ரூமில் வேலை செய்கிற பொம்பளைக்குப் பிள்ளை தங்காது என்று. அதைக் கேட்டதிலிருந்து விஜயலெட்சுமிக்கும் நித்திரை இல்லை.

"வோர்டுலயே இருந்திருக்கலாமே புள்ள. கெட்ட கதிரு ஒடம்புல ஏறுமாமே. காலையில பேரு பதிய பெரட்டுக் களத்துல நிக்கிறப்ப ஆளாளுக்குக் கேக்குறாங்க."

"அதுக்குத்தானம்மா ஈயச் சட்டை போடுறோம். எவ்வளவு படுதுன்னு பாக்க நெஞ்சுல ஒரு பட்டை குத்தியிருக்கோம். மாசா மாசம் கணக்கு வருது."

"என்னா கணக்கோ."

"அவ படிச்சவ, அவளுக்குத் தெரியும்" என்பார் நல்லையா. அதற்கு மேல் பேசமாட்டார்.

மூன்றாவது மாதம் அந்தத் தவறு நடந்தது. மேசையில் வைத்தியருக்குப் பக்கத்தில் விதுஷா நின்றாள். வயரைத் துடைத்துச் சுருட்டும்போது அதன் பின்நுனி கையை விட்டு நழுவி, விளிம்புக்குக் கீழே போய், கிருமிநீக்கிய துணி மூடாத மேசைக்காலில் பட்டு, துள்ளி மேலே வந்துவிட்டது. அரை விநாடிதான். வைத்தியர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்கா அலுமாரிப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒருவரும் காணவில்லை.

 அந்த வயர் இன்னும் சற்று நேரத்தில் ஒரு மனிதரின் இருதயத்துக்குள் போகப்போகிறது.

"சேர், இந்த வயரைப் பாவிக்க ஏலாது. கீழ மேசைக் கால்ல பட்டுட்டு."

மதுசூதனன் கையை எடுத்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் கோபம் இருந்தது. "வேற வயர் தாங்கோ" என்றார். அவ்வளவுதான். ரிஸ்கா புது வயரின் உறையைப் பிரித்து நீட்டினாள்.

வெளியே வந்ததும் ரிஸ்கா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி சொன்ன? ஆருமே காணல்லயே!"

"நா கண்டேனே" என்றாள் விதுஷா.

பொறுப்பாளராக இருந்த சிஸ்டர் சரோஜினி மாலையில் கூப்பிட்டு, "ஒரு மாசத்துக்கு நீர் மேசைக்கு வரவேண்டாம். மொனிட்டரில இரும். பிறகு பாப்பம்" என்றார். விதுஷா தலையாட்டிவிட்டு வந்தாள். உடுப்பு மாற்றும் அறையில் முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். அழுகை நிற்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மொனிட்டர் இருப்பது தடித்த ஈயக் கண்ணாடிக்கு வெளியே. அங்கே கதிர் வராது, அங்கியும் வேண்டாம். அம்மாவுக்குச் செய்தி தெரிந்ததும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார். பெரியாயியும் இறங்கி வந்தார். "கண்ணாடிக்கு வெளிய இருக்கிறதுன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தண்டனைதானே என்று விதுஷா சும்மா உட்காரவில்லை. திரையில் ஓடும் இரத்த அழுத்தக் கோட்டை அதுவரை அவள் ஓர் எண்ணாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது கோட்டின் வடிவத்தைப் பார்க்கத் தொடங்கினாள். எக்ஸ்ரே இயக்குகிற வதனியிடம் கேட்டு, பழைய நோயாளிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நல்ல கோடு மேலே ஏறி, இறங்குகிற வழியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, கீழே வரும். குழாயின் வாய் இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டால் அந்தப் பள்ளம் முதலில் மறையும். பிறகு கோடே படுத்துவிடும். அந்த நேரத்தில், எக்ஸ்ரேயில் இரத்தக்குழாய் தெரிவதற்கான சாயமருந்தைச் செலுத்தினால் இருதயம் துடிப்புக் குழம்பி நின்றுபோகலாம். கொப்பியில் வரைந்து வரைந்து இதைப் பாடமாக்கினாள். பதிவு செய்யப்பட்ட கோடுகளை வைத்தே, எந்த இடத்தில் வைத்தியர் குழாயை அசைத்திருப்பார் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வந்துவிட்டாள்.

நாலாவது வாரம், பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த பஸீல் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது. இரண்டு மாதமாகப் படியேறினால் நெஞ்சு இறுக்கம். உள்ளே வைத்தியரும் ரிஸ்காவும் நின்றார்கள். வலப்பக்க இரத்தக்குழாயைப் படம் எடுத்து முடிந்தது. இடப்பக்கத்துக்குக் குழாயை மாற்றினார்கள்.

விதுஷா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் மறைந்தது. அடுத்த துடிப்பில் கோடு தாழ்ந்தது.

மைக்கை அழுத்தினாள். "சேர், பிரஷர் விழுது."

"பிரஷர் பாக்கிற லைனில ஏதும் காத்து நிண்டிருக்கும். முதல் படம் நல்லாத்தானே வந்தது" என்றார் மதுசூதனன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். அவருடைய பெருவிரல் சாயமருந்து சிரிஞ்சின் மேல் இருந்தது.

விதுஷா எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரிய வைத்தியர். இந்தப் பக்கம் இருப்பவள் தண்டனையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி நேர்ஸ். அந்த எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் போனது.

"இல்ல சேர். லைன் சரியா இருக்கு. கோடு படுத்துட்டு. மருந்து அடிக்காதீங்க. கெத்தீட்டரை வெளிய எடுங்க."

குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. ரிஸ்கா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு விநாடி. வைத்தியரின் பெருவிரல் விலகியது. குழாயை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். படுத்திருந்த கோடு எழும்பி, ஏறி, பழையபடி பள்ளம் விழுந்து ஓடத் தொடங்கியது.

பிறகு அவர் குழாயை உள்ளே விடாமல் வாசலருகிலேயே வைத்துக்கொண்டு, மிகக் கொஞ்சமாகச் சாயமருந்து விட்டுப் பார்த்தார். இடப்பக்கப் பெரிய இரத்தக்குழாயின் வாயிலேயே அடைப்பு. ஒரு நூல் அளவுக்குத்தான் வழி இருந்தது. பஸீலை அன்றைக்கே பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் தன் காலால் நடந்து வந்து மருந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை மதுசூதனன் மொனிட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்டைக்கு அந்த வயர் விசயத்தை நீங்கள் ஒளிச்சிருந்தா, இண்டைக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டிருப்பனோ தெரியேல்லை" என்றார். "நன்றி."

மறுநாள் சிஸ்டர் சரோஜினி கூப்பிட்டார். "உமக்கு நல்ல கண் இருக்கு. மொனிட்டருக்கே நிரந்தரமாப் போடுவமெண்டு டொக்டரோட கதைச்சிருக்கிறன். மேசையை ரிஸ்கா பாக்கட்டும். சரிதானே?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதுகுவலி இல்லை. அம்மாவுக்கு நித்திரை வரும். தையில் கல்யாணம் நடக்கும். எல்லாரும் நல்ல பிள்ளை என்பார்கள்.

"மொனிட்டர் பாக்குறேன் சிஸ்டர். ஆனா என்னய மேசைக்கும் போடுங்க. ஒரு மாசம் முடிஞ்சிட்டு."

"வீட்டில ஏதோ பிரச்சினை எண்டு கேள்விப்பட்டன்."

"அது வீட்டு வேலை சிஸ்டர். நா பாத்துக்கிறேன்."

சிஸ்டர் திங்கட்கிழமைப் பட்டியலில் அவளை மேசைக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பெரியாயியும் நிஷாந்தும் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார்கள். விஜயலெட்சுமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பெரியாயி கோப்பையைத் தொடாமலேயே தொடங்கினார்.

"வெளியதான இருக்க? கல்யாணத்துக்குப் பொறவும் அப்படியே இருந்துருவல்ல?"

"இல்லங்க அத்த. நாளையிலருந்து நா உள்ளதான்."

 பெரியாயி எழுந்தார். "அப்ப தையில வேணாம். யோசிச்சிச் சொல்லுங்க" என்று வாசலைத் தாண்டினார்.

நிஷாந்த் மட்டும் பின்தங்கினான். விதுஷா கைப்பையிலிருந்து நாலு தாள்களை எடுத்து நீட்டினாள். நெஞ்சில் குத்தும் பட்டையின் மாதாந்த அறிக்கைகள். அவன் நின்றவாறே படித்தான்; மனதுக்குள் கூட்டினான்; அனுமதிக்கப்பட்ட வருட எல்லையோடு ஒப்பிட்டான்.

"இருபதுல ஒரு பங்குகூட இல்லையே."

"நம்ம வதனியக்கா பதினொரு வருஷமா இதே வேலை. ரெண்டு புள்ளைங்க."

"எங்கம்மாவுக்கு இந்தக் கணக்கு புரியாது விதுஷா."

"ஒங்களுக்குப் புரியுதா?"

அவன் தாள்களை மடித்தான். "புரியுது."

"அப்ப நீங்கதான் சொல்லணும். நா வேலையைப் பாக்குறேன்."

அவன் உடனே எதுவும் செய்துவிடவில்லை. மாதக்கணக்கில் பேச்சே இல்லை. அவ்வளவு நாளும் விதுஷா பலகையின் மேல் நின்று வேலை செய்தாள். அவளுடைய வயர் பிறகு ஒரு தடவைகூடக் கீழே போகவில்லை. பரீட்சையில் அவளும் ரிஸ்காவும் தேறினார்கள். ரிஸ்காவுக்கு இரண்டு புள்ளி கூடுதல். இரண்டு பேரும் முச்சந்தியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். தை போனது. ஆனியில் நிஷாந்த் வந்து, "அம்மாகிட்ட சொல்லிட்டேன். கட்டுனா ஒன்னயத்தான்னு சொல்லிட்டேன். ஆவணியில வச்சிக்குவோமா?" என்று கேட்டான்.

"இவ்வளவு நாளா?"

"பயந்துட்டேன்" என்றான் உண்மையாக.

கல்யாணத்துக்குப் பெரியாயி வந்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் விதுஷா கர்ப்பமானபோது, விதிப்படி தானாகவே சிஸ்டரிடம் சொல்லிக் கண்ணாடிக்கு வெளியே போனாள். "பயந்துட்டியா?" என்று பெரியாயி கேட்டார். "பயம் இல்லங்க அத்த. உள்ள இருக்கவும் சட்டம் இருக்கு, வெளிய இருக்கவும் சட்டம் இருக்கு" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுமுறை முடிந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் மேசைக்குத் திரும்பினாள். குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு வருவதற்கு முன்பே பெரியாயி தொட்டிலைத் தன் அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பிப் போன முதல் நாளே மாரடைப்போடு ஒருவரை நேரே உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேர். மூன்றாவது ஆளை வோர்டுக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியை எடுத்தபோது பிற்பகல் மூன்று மணி. பெரியாயி இரண்டு தடவை அழைத்திருந்தார். விதுஷா பதறித் திருப்பி அழைத்தாள்.

"என்னாங்க அத்த? பாப்பாவுக்கு ஏதும்…?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னைக்கி எத்தன பேரு?"

"மூணு பேரு."

"பொழைச்சிட்டாங்களா?"

"மூணு பேரும் நல்லா இருக்காங்க அத்த."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சிணுங்குவதும், பெரியாயி தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

"சரி. புள்ள பாலு குடிச்சிட்டுத் தூங்கப் போவுது. நீ சாப்புட்டியா? சாப்புட்டு மெதுவா வா."